நதி எழுதிய பிரதியா?

காமிரா இல்லாத புகைப்படத்தில் பார்ப்பது யார்? ஆங்கிலேயக் கலைஞர் சூசன் டெர்ஜஸ் 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஓடும் டா நதியில் செய்த படங்கள் இந்தக் கேள்வியைக் கிளப்புகின்றன. ராத்திரியில், ஒளியுணரும் பெரிய தாளை அலுமினியச் சட்டத்துக்குள் வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்துவார். மூடியை விலக்கி, மேலிருந்து ஒரு கணம் ஃபிளாஷ். அவ்வளவுதான். சுழிப்பும் அலைக்கோடும் மேலே சாய்ந்திருக்கும் கிளையின் நிழலும் தாளில் பதிந்துவிடும். இரவே இருட்டறை, தண்ணீரே லென்ஸ். நெகடிவ் கிடையாது, படம் ஒன்றே ஒன்று.

பார்த்தவுடன் 'நதி தன்னைத்தானே எழுதிக்கொண்டது' என்று சொல்லத் தோன்றும். ஆசிரியன் செத்துப்போனான், இனி இயற்கைதான் ஆசிரியன் என்று கொண்டாடவும் ஆளிருக்கும். இது ஒன்றும் புதுப்பேச்சு இல்லை. டால்பட், 1844இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய தன் புகைப்பட நூலுக்கு 'இயற்கையின் பென்சில்' என்றுதான் பெயர் வைத்தார். பென்சில் இயற்கையுடையதாகவே இருக்கட்டும். தாளை வைத்தது யாரு? எந்த வளைவு, எந்த இரவு, எந்தக் கணம் என்று தீர்மானித்தது யாரு? ஓடுவது ஆற்றின் இயல்பு. ஃபிளாஷ் அதை நிறுத்துகிறது. நிறுத்திய கை படத்தில் இல்லை என்பதால் கையே இல்லை என்றாகிவிடாது. கையை மறைப்பதற்குத்தான் 'இயற்கை' என்கிற சொல் காலங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

அதற்காக இந்தப் படங்களை ஒதுக்கிவிட முடியாது. கரையில் நின்றுகொண்டு ஆற்றைக் 'காட்சி'யாக்கும் ஒற்றைப் பார்வைப்புள்ளி இங்கே உடைபடுகிறது. அடிவானம் இல்லை, தூரம் இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்து மேலே பார்க்கிறோம். ஐரோப்பிய நிலக்காட்சி மரபு பழக்கிவைத்த உடைமைக்காரப் பார்வைக்கு இதில் நிற்க இடமில்லை. டெர்ஜஸின் சாதனை இதுதான், நதியைப் பேசவைத்தது அல்ல.

நதிகளுக்காகப் போராடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்தாக வேண்டும். 1843இல் அன்னா அட்கின்ஸ் பாசிகளை நீல அச்சில் பதித்தபோது ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினார். அந்தப் படம் இன்ன பாசி என்று அடையாளம் சொல்லும். டெர்ஜஸின் படம் தண்ணீரின் அசைவைச் சொல்லும். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சாயமும் உரமும் கலந்த தண்ணீர்கூட அழகாகத்தான் சுழிக்கும். ஆகவே அழகை வாக்குமூலமாக வாசிக்க வேண்டாம். நதியின் பேரால் ஒரு படம் பேசும்போது, தாளைப் பிடித்திருப்பது யார் என்று முதலில் கேட்போம்.