பெயருக்குப் பட்டா

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9(2) பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் பெயர்களையும் இழிவான, ஆபாசமான பெயர்களையும் பதிவு செய்ய மறுக்கிறது. திருநெல்வேலியில் நின்று படித்தால் அதில் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. சாதி அங்கே இல்லை.

தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு பெயர் ஆறாத புண்ணை உண்டாக்குகிறது என்றால், அது பெரும்பாலும் சாதியைத் தொட்டதாகவே இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும் மாவட்டத்தில் கடைப்பலகைக்கும் பீடிக்கட்டின் லேபிளுக்கும் எவ்வளவு வலு இருக்கும்!

இத்தனைக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதி இருந்தது. இந்தியாவிலுள்ள ஒரு சமயப் பிரிவின், சாதியின், பழங்குடியின் பெயர் எளிதில் பதிவாகிவிடாதபடி அது வேலி போட்டிருந்தது. 2003-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தச் சொற்களைக் காணோம்.

அப்படியானால் ‘சாதி உணர்வைப் புண்படுத்தும் பெயர்கள்’ என்று 9(2)-இல் ஒரு வரி சேர்த்துவிடலாமா? கூடாது என்பேன். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட சொல்லை நிமிர்ந்து நின்று ஏந்திய செயல் அது. அமெரிக்காவில் சைமன் டாம் என்ற ஆசிய வம்சாவளி இசைக்கலைஞரும் இதையே செய்தார். தம் மக்களின் கண்களைக் கேலி செய்யும் ‘ஸ்லான்ட்ஸ்’ என்ற சொல்லைத் தம் இசைக்குழுவுக்குச் சூட்டினார். பதிவகம் மறுத்தது. புண்படுத்துகிறது என்பதற்காகப் பேச்சை ஒடுக்க முடியாது என்று 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் பூர்வகுடிகள் பல்லாண்டு எதிர்த்துவந்த ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்ற அமெரிக்கக் கால்பந்து அணிப் பெயரின் பதிவையும் அதே தீர்ப்புதான் காப்பாற்றியது. சொல்லை ஏந்துபவரையும் எறிபவரையும் பதிவேடு பிரித்தறியாது. நம் பதிவகத்தின் தடுமாற்றமும் தெரிந்ததே: 2025 மார்ச்சில் இந்தி வசைச்சொல்லை உள்ளடக்கிய ஒரு தின்பண்டப் பெயரை ஏற்று, எதிர்ப்பு வந்ததும் ஏற்பைத் திரும்பப் பெற்றது.

இதைவிட உறுதியான வழி 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. புனித நூலின் பெயரை ஒருவர் தனதாக்கிக்கொள்ள முடியாது என்றது. யாருக்கு வலிக்கும் என்பதை அளப்பதைவிட, யாருக்குச் சொந்தம் என்று கேட்பது எளிது, நேர்மையானதும்கூட. சாதிப் பெயருக்கும் இதே அளவுகோல் போதும். எந்தச் சாதியின் பெயரும் எவருக்கும் பட்டா ஆகக்கூடாது. பதிவு மறுப்பு தடையல்ல என்பதால் அந்தப் பெயரில் இதழ் நடத்தலாம், பாடலாம். அரசின் முத்திரையோடு வரும் ஏகபோகம் மட்டும் கிடைக்காது.

மீட்டெடுத்த பெயரை வேறொருவர் ஏளனமாக அச்சடித்து விற்றால், பதிவுரிமை என்ற கேடயம் சீனிவாசன் போன்றோருக்கு இராது. அது உண்மையான இழப்புதான். அந்த ஏளனம் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் குற்றமாகும் இடத்தில், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி காவல் நிலையம் வழக்குப் பதிய வேண்டும். அந்த வேலையை வணிகச் சின்னப் பதிவாளரிடம் தள்ளிவிட முடியாது.