உரையாடலுக்கு அப்பால்: தமிழ்த் திரைப்பட ஆய்வேடுகளில் சான்றின் சிக்கல்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் திரைப்படத்தைப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வு நிகழ்வது இன்று வியப்புக்குரியதன்று. பாடலாசிரியரின் சொல்லாட்சி, உரையாடலின் நடை, புதினம் திரைவடிவம் பெற்ற முறை, பெண் பாத்திரப் படைப்பு முதலான தலைப்புகளில் ஆய்வுகள் மேற்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றில் முதன்மைத் தரவாக அமைவது, திரையிலிருந்து எழுதி எடுக்கத்தக்க சொல்லே. இத்தெரிவு ஆய்வின் முடிவுகளை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதைப் ‘பராசக்தி’ (1952), ‘அந்த நாள்’ (1954) ஆகிய இரு படங்களை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னோடிகளின் வினாக்கள்

1981இல் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தார். அதே ஆண்டில் வெளிவந்த சு. தியடோர் பாஸ்கரனின் நூல், 1880 முதல் 1945 வரையிலான தேசிய அரசியலுக்கும் பொழுதுபோக்கு ஊடகங்களுக்கும் இடையிலான உறவை வரலாற்று நோக்கில் விளக்கியது. 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை அடித்தள மக்களின் அரசியலோடு இணைத்து நோக்கினார். இம்மூன்றும் சமூகத்தையும் வரலாற்றையும் பற்றிய வினாக்களிலிருந்து எழுந்தவை; அவ்வினாக்களுக்கு ஏற்ற சான்றுகளை அவை தேடின. பிற்கால ஆய்வேடுகள் பல இவர்தம் முடிவுகளைக் கோட்பாடாக ஏற்கின்றன; அவற்றை உறுதிசெய்யும் மேற்கோள்களைப் படங்களின் உரையாடலிலிருந்து திரட்டுகின்றன. முடிவு முன்னரே அமைந்துவிடுவதால், படம் ஆராயப்படும் பொருளாக இல்லாமல் எடுத்துக்காட்டாகச் சுருங்குகிறது.

பராசக்தி: கேட்பவரின் முகம்

கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய ‘பராசக்தி’க்கு மு. கருணாநிதி எழுதிய உரையாடல் இசைத்தட்டாகவும் நூலாகவும் பரவியது. எனவே அதனை மேற்கோள் காட்டுவது எளிது. எனினும் கல்யாணியின் வழக்கு நிகழும் நீதிமன்றக் காட்சியை நோக்குக. வழக்கைக் கேட்கும் நீதிபதி சந்திரசேகரன் அவளுடைய உடன்பிறந்தவர். அதனை அறியாமலே அவர் கேட்கத் தொடங்குகிறார். பார்வையாளரோ முன்பே அறிவர். கல்யாணியின் சொல் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு முதன்மையானது, அச்சொல் சென்று தைக்கும் முகம். சட்டத்தின் இருக்கையில் அமர்ந்தவர் உடன்பிறந்தவராக மாறும் கணம் அம்முகத்தில் நிகழ்கிறது. உரையாடல் நூலில் அம்முகம் இல்லை. நூலை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, காட்சியின் சொல்வன்மையைக் காட்ட முடியும். காட்சி பார்வையாளரை எவ்வாறு ஆட்கொள்கிறது என்பதை விளக்க முடியாது.

அந்த நாள்: பாடல் இல்லாத படம்

எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாடலும் நடனமும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலச் சென்னையில் ராஜன் என்னும் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் நிகழ்ந்ததைக் கூற, ஒரே மனிதன் வெவ்வேறு மனிதனாகத் தோன்றுகிறான். இங்கு ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. சொல்லை நம்பலாமா என்பதே படத்தின் வினா. அவ்வாறிருக்க, சொல்லை மட்டுமே தரவாக்கும் முறையியல் இப்படத்தின் வாயிலிலேயே நின்றுவிடும். ‘பராசக்தி’, ‘அந்த நாள்’ இரண்டின் ஒளிப்பதிவாளரும் எஸ். மாருதி ராவ் என்பது கருதத்தக்கது. இரு படங்களையும் ஒளியமைப்பின் வழியே ஒப்பிடும் ஆய்வுக்கு இங்கு இடமுண்டு. உரையாடலாசிரியர் பெயரால் தலைப்பிடும் வழக்கம் அதனை மறைத்துவிடுகிறது.

மரபு தரும் கருவிகள்

காட்சியை வாசிப்பது தமிழ் ஆய்வாளருக்குப் புறம்பான பயிற்சி என்பது ஏற்கத்தக்கதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் முறையை எட்டாக வகுத்துப் பேசுகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை, அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறுகிறது. மூவகை எழினிகளைச் சுட்டுகிறது. தூணின் நிழல் ஆடிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதையும் குறிக்கிறது. அந்நிழலுக்கு உரை கண்ட மரபில் பயின்றவர், திரையில் வேண்டுமென்றே வீழ்த்தப்பட்ட நிழலைத் தரவாகக் கொள்ளாமை முரணாகும்.

சான்றின் வரம்பு

சொற்சான்று மட்டுமே எஞ்சிய நிலையும் உண்டு. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அத்தகைய படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் இதழ்க் குறிப்புமே துணை. அவற்றைக் கொண்டு படத்தின் பாடல்களையும் அதன் வரவேற்பையும் பற்றிப் பேசலாம். காட்சியமைப்பைப் பற்றித் தீர்ப்பு வழங்கலாகாது. படம் கிடைக்கும்போது இவ்வரம்பைத் தாமே விதித்துக்கொள்ள ஆய்வாளருக்குக் காரணம் ஏதுமில்லை.

முடிவுரை

திரைப்பட ஆய்வேடு தான் பார்த்த படி எது, அதன் ஓட்ட நேரம் எவ்வளவு என்பனவற்றைக் குறிப்பிட வேண்டும். மேற்கோள் காட்டும் ஒவ்வோர் உரையாடலுக்கும் காட்சி நிகழும் நேரம், பேசுபவர் நிலை, கேட்பவர் நிலை, ஒளி, ஒலி ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். பாடவேறுபாடு குறிக்காத பதிப்பைத் தமிழ்ப் புலமை ஏற்பதில்லை. திரைப்படத்திற்கும் அதே கண்டிப்பை நெறியாளரும் தேர்வாளரும் கோரும்போது, ஆய்வு படத்தின் கதையை மீண்டும் சொல்வதிலிருந்து விடுபட்டுப் படத்தையே ஆராயத் தொடங்கும்.