பழக்கமும் கனவும்: ஓர் ஆங்கிலப் பாடலும் இலக்கணப் பாடமும்

1968 இல் மேரி ஹொப்கின் பாடி வெளிவந்த 'தோஸ் வேர் த டேய்ஸ்' என்னும் பாடல், பொறிஸ் ஃபோமினின் ருஷ்ய மெட்டுக்கு ஜீன் றஸ்கின் ஆங்கிலச் சொற்களை அமைத்ததால் உருவானது. கடந்தகால வழக்கத்தை உணர்த்தும் 'யூஸ்ட் டு', 'வுட்' என்பவற்றைக் கற்பித்தற்கு இத்தகைய நினைவேக்கப் பாடல்கள் ஏற்றவையே. ஆயின் இப்பாடலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தொடக்கத்தில் வரும் 'யூஸ்ட் டு' வழக்கத்தைச் சுட்டுகின்றது. பல்லவியில் வரும் 'வுட்' அவ்வாறன்று. அந்நாட்கள் முடிவுறா என அன்று கொண்ட நம்பிக்கையைச் சார்ந்து அது நிற்கின்றது. இரண்டையும் ஒன்றெனக் கற்பித்தால் பாடலின் துயரம் மாணவரை எட்டாது.

மட்டக்களப்பு வாவிக்கரை மாணவருக்கு இவ்வேறுபாட்டை உணர்த்தத் தமிழே துணையாகும். 'அந்நாளில் நிலவிரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து மீன்பாட்டுக் கேட்போம்' என்பது வழக்கம். 'என்றும் கேட்போம் என நினைத்தோம்' என்பது கனவு. 'கேட்போம்' என்னும் எதிர்கால வினைமுற்று இரண்டிற்கும் பொது. சூழலே பொருளைப் பிரிக்கின்றது. ஆங்கில 'வுட்'டும் அத்தகையதே.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. 'அக்காலத்தில் கரையில் ஓர் ஆலமரம் நிற்கும்' என நிலையையும் தமிழ் இவ்வாறே கூறும். ஆங்கிலத்தில் அதற்கு 'யூஸ்ட் டு' வேண்டும். 'வுட்' மீளமீள நிகழ்ந்த செயலுக்கே உரியது. மாணவர் வழுவுமிடம் இதுவே.

1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையில், செய்துவந்தது எது, செய்ய எண்ணிக் கைகூடாதது எது எனப் பிரித்துரைத்தல் வெறும் இலக்கணப் பயிற்சியன்று. எனவே பாடலை ஒலிக்கவிடுமுன், இவ்விரு பொருளையும் மாணவரைக்கொண்டு தமிழிற் சொல்லுவித்தல் ஆசிரியர்க்குத் தகும்.