சிலையில் இல்லாத கதவு

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிலுள்ள மோபிறே பூங்காவிலே ஒரு சலவைக்கற் சிலை உண்டு. இறந்த பிள்ளையை ஏந்தித் துயருறும் தாயின் உருவம் அது. 1883ஆம் ஆண்டு யூன் 16ஆம் திகதி அந்நகரின் விக்ரோறியா மண்டபத்தில் மாண்ட 183 சிறுவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அதனைப் படத்திலே கண்ட நாம் சிறிது நேரம் பேச்சிழந்தோம். ஆயினும் விமரிசனம் கண்ணீரோடு முடிந்துவிடுவதன்று. அச்சிலை எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்பதே ஈண்டு எமது வினா.

அன்று நடந்தது சிறுவர்க்கான வேடிக்கை நிகழ்ச்சி. கட்டணம் ஒரு பென்னி. பரிசுகள் உண்டு என்று விளம்பரம் செய்திருந்தனர். முடிவில் கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்கு மேடையிலிருந்து விளையாட்டுச் சாமான்கள் வழங்கப்பட்டன. மாடியிலிருந்த நூற்றுக்கணக்கானோர், தமக்குக் கிடையாதோ என்ற ஏக்கத்தில் படிக்கட்டில் இறங்கி ஓடினர். அடியிலிருந்த கதவோ உட்புறமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னே சென்றோர் விழ, பின்னே வந்தோர் அவர்மேல் வீழ்ந்தனர். மாண்டோர் 3 முதல் 14 வயதுக்குட்பட்டோர். தாழிட்டவர் யார் என்பது விசாரணைகளிலும் துணியப்படவில்லை.

யேசுவின் உடலை மடியிலேந்திய மரியாளின் உருவம் கிறித்தவச் சிற்பமரபில் நெடுங்காலம் போற்றப்பட்டது. சண்டர்லாந்துத் தாயும் அம்மரபையே நினைவூட்டுகிறாள். அம்மரபு துயரைப் புனிதமாக்கும். ஆனால், காரணத்தை மறைத்துவிடும். தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. கதவு இல்லை, தாழ் இல்லை. மனிதர் செய்த பிழை விதியின் கொடுமையாகிவிடுகிறது. சிலை என்ன, கட்டடக் கலைஞனின் வரைபடமா என்று சிலர் வினவலாம். அன்று. ஆனால் 183 பிள்ளைகளின் சாவுக்கு நினைவெழுப்பும் கலை, அவர்கள் ஏன் மாண்டனர் என்ற கேள்வியையேனும் பார்ப்போர் நெஞ்சில் எழுப்புதல் வேண்டும்.

இரக்கம் செய்யாததை உழைப்பும் சட்டமும் செய்தன. உள்ளிருந்து தள்ளியதும் திறந்துகொள்ளும் தாழுக்கு 1892இல் றொபேட் அலெக்சாந்தர் பிறிக்ஸ் என்பார் காப்புரிமை பெற்றார். எனினும் பாடம் எங்கும் பரவிற்றில்லை. 1929ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரத் திரையரங்கொன்றில் புகை கண்டு வெருண்ட பிள்ளைகள் வெளியேறும் வழி அடைபட்டிருந்தமையால் நெரிபட்டனர். 71 பேர் மாண்டனர். 1933ஆம் ஆண்டின் ஆங்கிலச் சிறுவர் சட்டம், நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் கூடும் களியாட்ட நிகழ்ச்சிகளிலே போதிய வயதுவந்தோரை நிறுத்துதலும், கொள்ளளவுக்கு மேல் அனுமதியாமையும் நடத்துவோர் கடமை என விதித்தது. அழகற்ற சட்டவாசகமே; ஆயினும் பிள்ளையைக் காப்பது அதுவே.

அண்மையில் எம் மாணவரைப் பொதுமண்டபமொன்றில் நிகழ்ந்த கலைவிழாவுக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு வாயில்களில் ஒன்று பூட்டிக் கிடந்தது. "திறந்துவிட்டால் சனம் சும்மா உள்ளே வந்துவிடும், மாஸ்ரர்" என்றார் காவலாளி. திறப்பு எங்கே என்றோம். அது யாரிடம் இருக்கிறதென்பது அவருக்கும் தெரியாது. மேடையிலோ குழந்தைகளே நாட்டின் செல்வம் என்று ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். அன்று தீங்கெதுவும் நேரவில்லை. நேராமைக்கு எவருடைய முன்னெச்சரிக்கையும் காரணமன்று. கதவைத் திறக்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடோம் என்று நாமும் நிற்கவில்லை, பேசாது அமர்ந்தோம். இப்பழி எமக்கும் உண்டு.

கலையை மக்களிடம் கொண்டுசெல்லவேண்டும் என்று நாம் இடையறாது எழுதுகிறோம். கொண்டுசெல்லும் இடத்தில் பிள்ளைகளை எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே அழைத்து வருதலும் அக்கலைப் பணியின் பகுதியே. நூலகமாயினும் அருங்காட்சியகமாயினும் நாடக அரங்காயினும், ஆசிரியர் முதலிற் பார்க்கவேண்டியது மேடையை அன்று, கதவையே.