சொந்தப் பக்கம்: வலைப்பதிவு எழுத்து குறித்துச் சில சிந்தனைகள்

மலர்க் குழுவினர் இணையமும் தமிழும் என்ற பொருளில் ஒரு கட்டுரை கேட்டார்கள். பொருள் பெரியது. அதைப் பற்றி எழுதத் தகுதியுள்ள பேராசிரியர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். 2005 முதல் 2012 வரை, தில்லி அரசுக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் ஒரு வலைப்பதிவு நடத்தியவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி. எனவே அந்த ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வலைப்பதிவால் தமிழ் வளர்ந்ததா என்று நிறையப் பேர் பேசியாயிற்று. அதில் எழுதப்பட்டது எப்படிப்பட்ட எழுத்து, அதன் பலம் எது, கோளாறு எது என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அன்றாடம் நடப்பதைத் தன் பெயரில் எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குத் தெரியும். கப்பல் வந்தது, சண்டை மூண்டது, யார் யாரிடம் என்ன சொன்னார், சந்தையில் என்ன பேச்சு எல்லாம் அதில் உண்டு. பல இடங்களில் அவர் எழுத்து கடுமையானது. துய்ப்ளேக்ஸின் மனைவியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இன்று படித்தாலும் காரம் தெரியும். ஆனால் அது வெளியார் கண்ணில் பட்டது 1846இல். எழுதியவரும் போய்விட்டார், எழுதப்பட்டவர்களும் போய்விட்டார்கள்.

உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் 1940 முதல் வாராவாரம் எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடிவு பெறாமலே நின்றது. அதில் வறுமை வருகிறது, அப்பா பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனது வருகிறது, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையோடு அவர் பட்ட கஷ்டமும் வருகிறது. ஆனால் மாணவனாகப் பார்த்ததை அறுபது வருஷத்துக்குப் பிறகு கிழவராக உட்கார்ந்து எழுதுகிறார். கோபம் இருந்திருந்தால் அது எப்போதோ ஆறியிருக்கும். அந்த நூலில் 'நான்' என்கிறவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிறார். நடுவில் நிற்பது ஆசிரியர்.

அடுத்து வருவது நம் ஊர்ச் சரக்கு. 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து தொடங்கிய கணையாழியை நம்ம பத்திரிகை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அதன் கடைசிப் பக்கத்தை 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் சுஜாதா எழுதிவந்தார். தில்லியிலும் பிறகு பெங்களூரிலும் வேலை பார்த்தவர். வெளிமாநிலத் தமிழனின் வாழ்க்கை என்னவென்று தெரிந்தவர். படித்த புத்தகம், கிடைத்த கவிதை, பார்த்த படம், ரயில் பயணம், விஞ்ஞானச் செய்தி என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகிற எழுத்து அது. பின்னால் வந்த வலைப்பதிவர்களில் பலர் இவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தோம். நான் சத்தியமாக அப்படித்தான்.

ஆனால் நாங்கள் எடுத்துக்கொண்டது அவருடைய தொனியை மட்டுமே. அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கம், அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை. எழுதியது அச்சாகி வர நாட்கள் ஆகும். நடுவில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அந்தப் பக்கத்தின் சுருக்கும் துள்ளலும் பாதிக்கு மேல் இந்த நெருக்கடியில் பிறந்தவை என்பது என் முடிவு. இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கங்களில் 'நான்' எங்கும் வருகிறது, ஆனால் வீடு அதிகம் வருவதில்லை. அந்த 'நான்' வெளியே பார்க்கிற கண். ஸ்ரீரங்கத்து மனிதர்களைச் சொல்ல வேண்டும் என்று வந்தபோது அவர் கதைக்குப் போய்விட்டார். கதை என்ற பெயர் ஒரு திரை. அதற்குப் பின்னால் உண்மையான ஆள் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

வலைப்பதிவு இந்தத் தடைகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டது. எண்பத்தைந்து வருஷம் அறுபதாகி, அறுபது ஒரு மாதமாகி, கடைசியில் அரை மணியாகிவிட்டது. சாயங்காலம் நடந்ததை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் உலகத்துக்குச் சொல்லிவிடலாம். இந்த எழுத்தின் உயிரும் இதில்தான், வியாதியும் இதில்தான்.

முதலில் உயிரைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். எந்தப் பத்திரிகையும் போடாத விஷயங்கள் அன்றைக்குத் தமிழில் எழுதப்பட்டன. நாமெல்லாம் ஆபீசில் ஹிந்தியும் ஆங்கிலமும் பேசி, பிள்ளைகளிடம் பாதித் தமிழ் பேசி, சங்கத்து விழாவில் மட்டும் முழுத் தமிழ் கேட்கிறவர்கள். நமக்கு எழுத்துத் தமிழ் என்பது கடிதத்தோடு முடிந்துபோயிருந்தது. தொலைபேசி மலிவானதும் கடிதமும் போயிற்று. அந்தச் சமயத்தில், ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வரும்படி எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் வந்தன. ஒருங்குறி வந்த பிறகு எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிகிற தொல்லையும் குறைந்தது. 2004இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்து, யார் எங்கே என்ன எழுதினார் என்பதை ஒரே இடத்தில் காட்டியது. இருபது வருஷமாக ஒரு வரி தமிழ் எழுதாதவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். 'ர'வும் 'ற'வும் தகராறு பண்ணின, 'ழ' எங்கேயோ போயிற்று, பரவாயில்லை. தில்லிக் குளிரில் தோசை மாவு பொங்காமல், பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வைத்துக்கொண்டு படுத்ததைப் பற்றி ஒரு அம்மையார் எழுதிய பதிவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் இலக்கணப் பிழை ஏழெட்டு இருக்கும். ஆனாலும் புலம்பெயர் வாழ்வைப் பற்றி அதற்கு முன் நான் படித்த சில சிறுகதைகளைவிட அது நிஜமாக இருந்தது.

நடைமுறைக் கஷ்டங்களை நீட்டிச் சொல்லப்போவதில்லை. முதல் நாள் பதினொரு பேர் படித்ததாக எண்ணி காட்டியது, அதில் எட்டு தடவை நானே பார்த்தது. பணம் என்ற பேச்சே கிடையாது. கூகுளின் விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018இல்தான், அதற்குள் பலரும் கடையைக் கட்டியிருந்தோம். 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது தொடர்ந்து படித்துவந்த கொஞ்சம் பேரும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். கூட்டம் முகநூலுக்கு நகர்ந்துவிட்டது.

பெரிய கஷ்டம் இதுவல்ல. சரக்கு தீர்ந்துபோவதுதான். சாதாரண மனிதனிடம் சொல்லத்தக்க சொந்த அனுபவம் ஆறு மாதத்துக்கு இருக்கும். பள்ளிக்கூடம், முதல் வேலை, தில்லிக்கு வந்து இறங்கிய நாள், மலை மந்திரில் முதல் கிருத்திகை. அப்புறம்? வாரம் இரண்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. கைமுதல் கரைந்ததும் அடுத்தவர் பையில் கைவிடுகிறோம். மனைவி சொன்னது, பிள்ளை கேட்டது, பக்கத்து வீட்டுக்காரர் செய்தது. சொந்தப் பக்கம் என்று பெயர், ஆனால் அதில் பாதிக்கு மேல் கடன் வாங்கிய சொத்து. கடன் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. அந்நாளைய தமிழ் வலைப்பதிவுகளைத் திரும்பப் படித்தால் இந்தக் கட்டம் எப்போது வருகிறது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம். மனைவி ஒரு கேலிப் பாத்திரமாகிற இடம் அது. 'தங்கமணி' என்ற பொதுப் பெயரில் எத்தனை வீட்டுப் பெண்கள் அசட்டுக் கேள்வி கேட்டார்கள்! எழுதினவன் மட்டும் எப்போதும் அப்பாவி, எப்போதும் புத்திசாலி. அடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் பதிவை எடுத்தே சொல்கிறேன்.

2009இல் அம்மா எங்களோடு இருந்தாள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தை விட்டு எழுபத்தாறு வயதில் தில்லிக்கு வந்தவள். நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. காலையில் காய்கறி வண்டி வந்தால் பால்கனியில் நின்று கயிற்றில் கட்டிய பையைக் கீழே இறக்குவாள். வண்டிக்காரன் பீகார் பக்கத்துப் பையன். அவனிடம் சுத்தத் தமிழில், "கீரை இளசா இருக்கா? கட்டு எட்டணாவுக்கு மேல தர மாட்டேன்" என்பாள். அவனும் "அச்சா மாஜி" என்று எதையாவது பையில் போடுவான். இந்த வியாபாரத்தை அப்படியே எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். முன்பின் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார்கள். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

மூன்றாவது வாரம் திருச்சியிலிருந்து தங்கை பேசினாள். யாரோ அதை நகலெடுத்து, என் பெயரை நீக்கிவிட்டு, மின்னஞ்சலில் துணுக்காகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். அது அவள் மகனுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊர்ப் பெயரும் பேச்சும் பாட்டியுடையது என்று பையன் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணே, அம்மா உனக்கு மட்டுமா அம்மா? ஊரு சிரிக்கறதுக்கா எழுதின?" என்றாள்.

பதிவை அன்றே எடுத்துவிட்டேன். சுற்றிக்கொண்டிருந்த துணுக்கை எடுக்க முடியவில்லை.

அம்மா 2011இல் காலமானாள். அதற்கு அப்புறம் ஒரு நாள், அந்தப் பதிவை விமரிசகன் கண்ணோடு படித்துப் பார்த்தேன். வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதில் அம்மா சொல்வதாக வரும் கடைசி வாக்கியம், எல்லோரும் சிரித்த அந்த வாக்கியம், அவள் சொன்னதே இல்லை. முடிவு எடுப்பாக வரட்டும் என்று நானே சேர்த்தது. சேர்த்ததை நானே மறந்துபோயிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்றும் நினைவுக்கு வந்தது. பை மேலே வந்த பிறகும் அம்மா அந்தக் கயிற்றைக் கையிலிருந்து விடமாட்டாள். வெகு நேரம் இறுகப் பிடித்துக்கொண்டே நிற்பாள். நான் வாங்கிக்கொள்ளப் போனால் பயந்துவிடுவாள். அதை அன்றைக்கே பார்த்தேன். சிரிப்புக்கு உதவாது என்பதால் விட்டுவிட்டேன். அரை மணியில் எழுதுகிறவனுக்கு எது உதவும் என்றுதான் கண்ணில் படுகிறது. ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால், "இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதும், பதிவு நின்றிருக்கும், இல்லை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இதனால் இடைவெளி இருந்தால் எழுத்து நன்றாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட சுயசரிதைகளில் பொய் மலிந்தவை ஏராளம். ஆறப்போட்டால் கோபம் போகும், ஆனால் நினைவும் அழகுபடுத்திக்கொள்ளும். குளிரில் மாவு பொங்காத பதிவை அந்த அம்மையார் பத்து வருஷம் கழித்து எழுதியிருந்தால் ரஜாய் நினைவிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அவர் எழுதியது தன் மாவை, தன் குளிரை. அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

என் வலைப்பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. பூட்டவில்லை, புதிதாக எதுவும் போடுவதும் இல்லை. மனைவியைக் கேலி செய்த பதிவுகள் பதினேழு இருந்தன. அவளிடம் காட்டினேன். "எல்லாத்தையும் அப்பவே படிச்சாச்சு" என்றாள். நான்கை மட்டும் இருக்கட்டும் என்றாள். மற்றவை இப்போது இல்லை.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவுக்கு அனுப்பும் முன் தங்கைக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். அம்மாவைப் பற்றிய இடத்தில் இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். கயிற்றைப் பற்றியது இருக்கட்டும் என்றாள்.