மில்லும் கோயிலும் தராத நாவலைப் புதுப்பட்டி தந்தது

கரிசல் நாவல் என்று பேச்செடுத்தாலே நம் வாசகர்கள் நேராகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று மூன்று பெயர் சொன்னால் பட்டியல் நிறைந்துவிடும். அதற்கு வடக்கே, மலையடியில் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பால்கோவாவோடும் நூல் மில்லோடும் நின்றுபோகின்றன.

இத்தனைக்கும் வாசிப்பு இங்கே பழைய பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தொடங்கியது 1875-இல். சென்னைக் கன்னிமாரா நூலகமே 1896-இல்தான் திறக்கப்பட்டது. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

இரண்டு ஊரையும் இலக்கியத்தில் இணைத்தவர் ராஜபாளையத்துக்காரர் மு. கு. ஜகந்நாத ராஜா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் பற்றிக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய 'ஆமுக்த மால்யதா'வைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு தொடங்கிய 1989-இலேயே தமிழுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. காவியம்தான், ஆனால் நாவல் வாசகருக்கு அதில் நிறைய இருக்கிறது. அடைமழைக் காலத்தில் விறகு ஈரமாகிவிட, பெரியாழ்வார் வீட்டு அடுப்பில் தேங்காய் நெற்று எரிகிறது. வந்த விருந்தாளிக்குச் சோறு தட்டுவதில்லை. அரசர் அடுப்படிவரை வந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

ராஜபாளையத்தின் கொ. மா. கோதண்டம் மலைக்காட்டையும் பளியர் பழங்குடியினரையும் எழுதியவர். 'காட்டுக்குள்ளே இசைவிழா'வுக்காக 2012-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், 'மின்சாரப்பூ'வுக்கு 2007-இல் சாகித்ய அகாதெமி வாங்கினார். அவருடைய மனிதர்களை எனக்குப் பிடிக்கும். கதை முடிவில் அவர் நீதி சொல்ல நிற்பதுதான் பிடிக்காது.

என் ஓட்டு புதுப்பட்டிக்கு. வத்திராயிருப்புப் பக்கத்து இந்தச் சின்ன ஊரிலிருந்து, ஒரே வீட்டிலிருந்து, இரண்டு பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' (1992), அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002). 'கருக்கு' தன்வரலாறுதானே, நாவல் கணக்கில் சேருமா என்பார்கள். நான் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

'கருக்கு' நூலில், பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய சணலைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாயக்கருக்குப் போகும் வடை, நம் ஆள் தொட்டால் தீட்டு என்று விளக்குகிறான். படித்து முன்னேறு என்று அவளுக்குச் சொன்னவனும் அவன்தான்.

தங்கை புத்தகத்தில் இப்படி உபதேசம் செய்யும் அண்ணன், தன் சாயலில் படைத்த சிலுவைராஜை விட்டு வைப்பதில்லை. அவனுடைய அசட்டுத்தனம், பயம், வேலை தேடி அலைந்த அலைச்சல், அதற்காக மதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது எல்லாவற்றையும் கேலியாகவே சொல்கிறார். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது என்ற சட்டச் சிக்கலை இவ்வளவு சிரிக்கவைத்துச் சொன்ன நாவல் தமிழில் வேறில்லை. பக்கங்கள் அதிகம், நடுவில் கொஞ்சம் தொய்வு உண்டு. இருந்தாலும் 'கருக்கு'க்கு இருக்கும் புகழில் பாதிகூட இதற்கு வராதது அநியாயம்.

மில்லுக்கு மட்டும் இன்னும் குறை இருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இலேயே கிடைத்துவிட்டது. 1930-களிலிருந்து ஷிப்டு சங்கு ஊதிவரும் ராஜபாளையத்துக்கு அதற்குச் சமமான ஒன்றை யாராவது எழுத வேண்டும்.

அதுவரை புதுப்பட்டிப் புத்தகங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 'கருக்கு' முதலில், சிலுவைராஜ் பிறகு. வரிசையை மாற்ற வேண்டாம்.