கடைசியில் நிற்பவருக்கு ஒரு துண்டு

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி ரத வீதிகளில் வடம் பிடிக்கும் கைகளுக்குச் சளைக்காமல் செல்போனைத் தூக்கிய கைகளும் தெரியும். எல்லாரும் வீடியோ அனுப்புகிறார்கள். ஆகவே நெரிசல் போனிலிருந்து டவருக்கு ஏறும் பாதையில்தான். அங்கே யாருக்கு எப்போது வழி விடுவது என்று 4ஜியில் 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை முடிவெடுப்பது ஷெட்யூலர் என்ற மென்பொருள்.

அனுப்பவேண்டியது போனுக்குள் அல்லவா கிடக்கிறது? டவருக்கு அது தெரியாது, போன்தான் சொல்லவேண்டும். அதையும் பைட் கணக்காகச் சொல்வதில்லை, 64 படிகளில் எந்தப் படி என்று மட்டும். அதற்கு 6 பிட் போதும். கேட்பதிலேயே அலைவரிசையைக் கரைக்காத இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும்.

எந்தச் சூத்திரத்தால் பங்கிடுவது என்பதைத் தரவிதி சொல்வதில்லை. கருவி செய்பவர்களிடமே விட்டிருக்கிறது. பெயர்பெற்ற ஒரு முறை இது: ஒரு போனால் இந்த நொடியில் முடியும் வேகத்தை, இதுவரை அதற்குக் கிடைத்த சராசரி வேகத்தால் வகு, விடை பெரிதாக வருபவருக்குக் கொடு. காத்திருக்கக் காத்திருக்க வகுக்கும் எண் சிறுத்து, முறை தானாக வந்துசேரும். சிபாரிசு வேண்டாம்.

ஆனால் உச்ச நயம் மின்திறனில் இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் பங்கிட, 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 100 துண்டுகள் கிடைக்கின்றன. போன் செலவிடக்கூடியது பொதுவாக 200 மில்லிவாட் வரைதான். டவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் துண்டுகளை அள்ளிக் கொடுத்தால் வேகம் ஏறும். சந்துக்குள், கட்டடங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு அதேபோல் கொடுத்தால் அவருடைய திறன் எல்லாத் துண்டுகளிலும் பரவி, மெலிந்து, இரைச்சலில் மூழ்கிவிடும். ஒன்றிரண்டில் குவித்தால் தேறும். ஆற்றுத் தண்ணீரில் கணக்கு வேறு: தாமிரபரணியில் கடைக்கோடியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்றால் மேலே உள்ள அணைக்கட்டுகளில் எடுப்பதைக் குறைத்தாகவேண்டும். அலைவரிசையில் அந்தச் சண்டை பாதிதான். கடைசியில் இருப்பவருக்குக் கொஞ்சம் கொடுப்பதே அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. நியாயமும் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்கும் இடங்கள் அபூர்வம், இது ஒன்று.

இன்னொரு கெடுபிடியும் உண்டு. 4ஜியின் முதல் தரவிதிப்படி, ஒரு போனுக்குத் தரும் துண்டுகள் அடுத்தடுத்து இருக்கவேண்டும். சிதறினால் போனின் ஆம்ப்ளிஃபயர் திணறும். அதனால் பங்கீடு ஒரு அடுக்குப் புதிராகிவிடுகிறது. முற்றும் சரியான விடையைத் தேட 1 மில்லிவினாடிக்குள் நேரம் ஏது? ஏறத்தாழச் சரியான ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்யூலர் அடுத்த மில்லிவினாடிக்குப் போய்விடுகிறது. அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன்.